செயின் கழன்றால் நடுவழியில் நிற்க வேண்டுமா?

வகுப்பு முடிந்து வரும் மகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். கையெல்லாம் கறுப்பு எண்ணெய், வெள்ளைச் சீருடையில் ஒரு நீளக் கோடு. "செயின் கழண்டுட்டுது உம்மா" என்கிறாள். வாப்பா வரட்டும், நானா வரட்டும் என்று சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைக்கிறோம். அன்றைய ரியூசன் போகிறது. மறுநாள் பாடசாலையும் போகிறது. சகோதரிகளே, இந்தக் காத்திருப்பு தேவைதானா?

வன்னியில் சைக்கிளின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் அரிதாகிவிட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நெல்மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேதான் போயின. வெறும் ஜாம் போத்தலில் திரியிட்டுச் சொட்டு எண்ணெயில் விளக்கெரித்த வீடுகளில், செயின் கழுவ மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறக்கும்வரை அந்த நிலை. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களோ அதற்கு முன்பே, 1990 ஒக்டோபரில், புலிகளால் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். வீட்டையும் காணியையும் போல வாசலில் நின்ற சைக்கிள்களும் பின்னால் தங்கிவிட்டன. போர் முடிந்து 2009க்குப் பின் திரும்பியவர்களில் பலருக்கு முதல் வாகனம் மீண்டும் சைக்கிள்தான். ஆண் துணையில்லாத வீடுகளும் இங்கு ஏராளம். அங்கே யார் வரட்டும் என்று காத்திருப்பது?

விஷயத்துக்கு வருவோம். சாதாரண சைக்கிளின் செயினில் ஓர் இணைப்புக் கண்ணி மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கும். அதன் வெளிப்புறத்தில் சிறிய கிளிப் ஒன்று படுத்திருக்கும். பார்த்தால் மீன் போலிருக்கும்: ஒரு முனை மூடிய தலை, மறுமுனை பிளந்த வால். பெடலை மெல்லச் சுற்றி அந்தக் கண்ணியைப் பார்வைக்குக் கொண்டுவாருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் அது தறைந்து இணைத்த செயின், அதைக் கடையில் கொடுப்பதே நல்லது.

முதலில் பின்சக்கர நட்டுகள் இரண்டையும் இளக்கிச் சக்கரத்தைச் சற்று முன்னால் தள்ளுங்கள், செயின் தொய்யும். பிறகு குறட்டின் ஒரு தாடையை மீன் வாலின் நுனியிலும், மற்றதை வாலுக்குள் இருக்கும் ஊசியின் பின்புறத்திலும் வைத்து அழுத்தினால் கிளிப் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மறுகையால் மூடிக்கொள்ளுங்கள். கிளிப் தெறித்துப் பறந்தால் வன்னிச் செம்மண்ணில் தேடுவது வீண்வேலை!

கழற்றிய செயினை ஒரு பழைய தட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துப் பழைய பல்தூரிகையால் தேயுங்கள். அடுப்படிக்கு அப்பால், திறந்த வெளியில். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளை குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

துடைத்துக் காய்ந்ததும் தையல் நாடாவை எடுங்கள். ஓர் ஊசியின் நடுவிலிருந்து எண்ணி இருபத்துநான்காவது கண்ணியின் முடிவு ஊசிவரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. அடிக்கடி கழல்வதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் பிறீவீலையும் சேர்த்து மாற்றுங்கள், புதுச் செயின் பழைய பற்களில் நிற்காது.

திரும்ப மாட்டும்போது இரண்டு முனைகளையும் பின் பற்சக்கரத்தின் மேல் சந்திக்க வையுங்கள். பற்களே பிடித்துக்கொள்ளும், இன்னொரு கை தேவையில்லை. இணைப்புக் கண்ணியை உட்புறத்திலிருந்து செருகி, வெளித்தகட்டை வைத்து, அதன்மேல் கிளிப். இங்கேதான் கவனம்: செயின் ஓடும் திசையில் மீனின் தலை முன்னே செல்ல வேண்டும். மேல்பக்க ஓட்டத்தில் பார்த்தால் தலை பெடலை நோக்கியிருக்கும். முதன்முறை நான் இதைத் தலைகீழாய் மாட்டினேன். மூன்றாம் நாள் சந்தைக்குப் போகும் வழியில் கிளிப் எங்கோ விழுந்து, செயின் பாம்புபோல் வீதியில் கிடந்தது. இரண்டு கட்டை தூரம் உருட்டிக்கொண்டு வந்தேன்.

சக்கரத்தைப் பின்னால் இழுத்து, இரு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்து நட்டுகளை இறுக்குங்கள். செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறக்குறைய அரை அங்குலம் ஆட வேண்டும். அதைவிட இறுக்கினால் மிதிக்கக் கனக்கும், தளர்ந்தால் மறுபடி கழலும். சக்கரம் நகர்ந்ததால் பிறேக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்குத் தையல் இயந்திர எண்ணெய் போதும், ஆனால் மழையில் சீக்கிரம் போய்விடும். மாரியில் சற்றுக் கெட்டியான எண்ணெய் நல்லது. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாகப் பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காத எண்ணெய்தான் அபாயாவின் ஓரத்தையும் பிள்ளையின் சீருடையையும் பாழாக்குகிறது. செயின் கவர் உடைந்திருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், துப்பட்டாவின் நுனி பற்சக்கரத்தில் சிக்கினால் விழுவது நிச்சயம்.

மேலதிகமாக ஒரு கிளிப் கடையில் வாங்கி ஊசிப்பெட்டியில் போட்டு வையுங்கள். மகளின் புத்தகப்பையிலும் ஒன்று.