குடியிருப்புக்கு முன் ஒரு தண்ணீர்க் கணக்கு

பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் எழும்பிவரும் அடுக்குமாடிகளின் விளம்பரப் பலகைகளில் நீச்சல் குளம் உண்டு, பூங்கா உண்டு; குடிவரும் ஜனங்களுக்கு ஜலம் எங்கிருந்து வரும் என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இராது. அதைக் கண்டறிவது பெரிய வித்தையன்று. கூட்டல் கழித்தல் போதும், எந்த வருஷத்தை வைத்துக் கூட்டுவது என்பதில்தான் சூட்சுமம்.

ஆயிரம் வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால் தினசரித் தேவை 5,40,000 லிட்டர். அதாவது, 12,000 லிட்டர் லாரிகள் 45, விடிந்ததிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து சம்பில் குழாயை இறக்கிவிட்டுப் போகவேண்டும். வருஷத்துக்கு இது ஏறத்தாழ 7 மில்லியன் கன அடி. பக்கத்திலிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியோ 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் என்றதும், இதற்கா இத்தனை விசாரம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் சேர்ந்து கொள்ளும் 11,257 மில்லியன் கன அடியும், மாதத்துக்குச் சுமார் ஆயிரம் மில்லியன் கன அடி செலவழிக்கும் சென்னைக்கு ஒரு வருஷத்துக்குக்கூடக் காணாது. வெயில் குடிப்பது வேறு.

மேலும், நிறைந்த ஏரி என்பது ஒரு நல்ல வருஷத்தின் காட்சி மாத்திரமே. 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி வீதம் அடையாற்றில் திறந்துவிட நேர்ந்த அதே செம்பரம்பாக்கம், 2019 ஜூனில் வெடித்த தரையாய்க் கிடந்தது. நான்கு ஏரிகளிலும் சேர்த்து நூற்றில் ஒரு பங்கு நீர்கூட இல்லாத அந்தக் கோடையில் வீராணம் ஏரி நீரும், மீஞ்சூர், நெம்மேலிக் கடல்நீர் ஆலைகளுமே நகரத்தைத் தாங்கின. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில் கொண்டுவந்த 25 லட்சம் லிட்டர், நாம் கணக்கிட்ட வளாகங்கள் ஐந்துக்கு ஒரு நாளைக்கும் போதாது.

வறண்ட வருஷத்தையும் வைத்துக் கூட்டுவதற்கு முன்மாதிரி உண்டு. கலிபோர்னியாவில் 2001-ல் இயற்றிய சட்டப்படி, 500 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டமென்றால், சாதாரண வருஷம், வறண்ட வருஷம், தொடர்ந்து வறண்ட வருஷங்கள் ஆகிய மூன்றிலும், இருபது வருஷத்துக்கு முன்னோக்கி, பழைய குடிகளின் தேவை போக மிச்சம் உண்டா என்று காட்டவேண்டும். பழைய குடிகளின் தேவை போக என்ற நிபந்தனையே இதில் சாரம்.

இங்கோ, அம்பத்தூர், ஆவடிப் பக்கங்களில் தேவைக்கும் வரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பெரும்பாலும் போர்க்கிணறு நிரப்புகிறது. ஏரிகளுக்கு வரும் கால்வாய்கள் அடைபட்டு, மழை இறங்கவேண்டிய மண்ணெல்லாம் சிமெண்டாகிவிட்டபின், கட்டடம் உயர உயர ஊற்று இறங்குவதில் ஆச்சரியமில்லை. கார்த்திகையில் போட்ட போரில் நீர் பொங்குவதைக் காட்டி வீடு விற்பது வியாபாரம். சித்திரைக் கடைசியில் மோட்டாரை இடைவிடாமல் ஓட்டி, மட்டம் எத்தனை அடி இறங்குகிறது, நிறுத்தியபின் எத்தனை மணியில் ஏறுகிறது, அந்நேரம் அடுத்த தெருக் கிணற்றில் கயிறு எட்டுகிறதா என்று அளந்து எழுதுவதுதான் பரீட்சை.