பறந்து வந்த சிவப்பு உறை!

குட்டீஸ்... சீனப் புத்தாண்டு வந்தால், அங்குள்ள சிறுவர், சிறுமியருக்கு ஒரே கொண்டாட்டம் தான். தாத்தா, பாட்டி, மாமா என்று பெரியவர்களுக்கு வாழ்த்து சொன்னால், ஆளுக்கு ஒரு சிவப்பு உறை கிடைக்கும். உள்ளே பணம்! இதை, 'ஹோங் பாவ்' என்பர்.

இதற்கு முறைகள் நிறைய உண்டு. கசங்காத புது நோட்டு தான் வைக்க வேண்டும். இரண்டு கைகளாலும் வாங்க வேண்டும். கொடுத்தவர் எதிரிலேயே பிரித்து எண்ணி விடக் கூடாது. தொகையில், 4 வரக் கூடாது. சீன மொழியில், 'நான்கு' என்பது, 'சாவு' என்ற சொல்லைப் போல ஒலிக்கும். 8 வந்தால் மகிழ்ச்சி. அது செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும். இரவில், உறையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவதும் உண்டு.

எவ்வளவு பணம் என்பது அங்கே பெரிதல்ல. கொடுப்பதும், பதிலுக்குச் செய்வதும் தான் உறவை வளர்க்கும் என்பது சீனர்களின் நம்பிக்கை.

முதலாளிகளும் ஊழியர்களுக்கு இதைக் கொடுப்பர். ஷென்ஜென் நகரில், 1998ல் துவங்கப்பட்ட, 'டென்சென்ட்' என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்திலும் இந்த வழக்கம் உண்டு. அதன் தலைவர் போனி மா. புத்தாண்டு விடுமுறை முடிந்ததும், ஊழியர்கள் நீண்ட வரிசையில் நின்று, அவர் கையால் உறை வாங்குவர்.

இந்த நிறுவனம், 2011ல், 'வீசாட்' என்ற செயலியை வெளியிட்டது. மொபைல் போனில் பேச, செய்தி அனுப்ப உதவும். 2013ல், பணம் செலுத்தும் வசதியையும் சேர்த்தனர். ஆனால், போட்டி நிறுவனமான அலிபாபாவின், 'அலிபே' 2004லேயே வந்து, மக்களிடம் நன்றாக வேரூன்றி இருந்தது. புதிதாக வந்தவரிடம் வங்கிக் கணக்கை யார் கொடுப்பர்?

அப்போது தான் சிவப்பு உறை கைகொடுத்தது. 2014 ஜனவரியில், போனிலேயே ஹோங் பாவ் அனுப்பும் வசதி வந்தது. அதில் ஒரு விளையாட்டும் இருந்தது. பத்து பேர் உள்ள குழுவுக்கு, 100 யுவான் போட்டால், கருவியே அதை ஏறுக்கு மாறாகப் பிரிக்கும். ஒருவருக்கு, 30 யுவான் வரும். இன்னொருவருக்கு ஒன்று தான் வரும். முந்துபவருக்குத் தான் உறை!

வந்த பணத்தை வெளியே எடுக்க வேண்டுமா? வங்கி அட்டையை, வீசாட்டில் இணைக்க வேண்டும். பாட்டி அனுப்பிய பணத்தை யாராவது விடுவரா? லட்சக்கணக்கானோர் இணைத்து விட்டனர்.

அலிபாபாவைத் துவங்கிய ஜாக் மா திகைத்துப் போனார். (இவர் முன்பு ஆங்கில ஆசிரியர், எங்கள் இனம்!) அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை, 1941ல் ஜப்பான் திடீரெனத் தாக்கியதே... அதோடு இதை ஒப்பிட்டார். 2015ல், புத்தாண்டுக்கு முந்தைய ஒரே நாளில், வீசாட்டில், 100 கோடிக்கும் மேற்பட்ட உறைகள் பறந்தன. 2016ல், அலிபே, ஐந்து நற்பேறு அட்டைகளைச் சேர்த்தால் பரிசு என்று அறிவித்து, பதிலடி கொடுத்தது. அதுவும் பழைய சீன நம்பிக்கை தான்!

கெட்டிக்காரத்தனமான வியாபாரம் தான், மறுக்கவில்லை. ஆனாலும், எனக்கு ஒரு மனக்குறை. ஆண்டுக்கு ஒருமுறை குடும்பமே கூடிச் சாப்பிடும் இரவில், எல்லாரும் போனையே பார்த்துக் கொண்டு இருந்தால், பாட்டியோடு யார் பேசுவது? சீனாவிலும் பலர் இப்படிக் குறைபட்டுக் கொண்டனர்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? போனில் உறை அனுப்பும் வசதி வந்த பின்னும், டென்சென்ட் ஊழியர்கள், விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் நின்றனர்... தலைவர் கையால், காகித உறை வாங்க!