படிப்பும் படியும்

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் மத்திய அரசு அலுவலகங்களை நம்பியிருப்போர் பலர். அவர்களுள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்றோர்க்கு ஒன்று சொல்ல விழைகிறோம். பிள்ளை பள்ளியில் பயிலுங்கால் கிடைத்துவந்த உதவி, கல்லூரியிலும் தொடரும் என்று எண்ணி இருந்துவிடலாகாது.

குழந்தைகள் கல்விப் படியை எடுத்துக்கொள்வோம். மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை வழங்கப்பெறுவது இது. 2024 ஜனவரி 1 முதல் மாதத்துக்கு 2812 ரூபாய் 50 காசு என்று வகுக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இருமடங்காக 5625 ரூபாய். வயது வரம்பும் மற்றவர்க்கு 20, இவர்களுக்கு 22. பிள்ளை தேர்வில் தவறி அதே வகுப்பில் மீண்டும் அமர்ந்தாலும் படி நிற்பதில்லை. மெல்லக் கற்கும் பிள்ளையைப் பெற்றவர்க்கு இஃது எத்துணை ஆறுதல்! ஆயின், தேறிய வகுப்பிலேயே வேறொரு பள்ளியில் மறுபடி சேர்த்தால் படி கிடைக்காது. மாற்றலாகி வந்த ஊரில் மொழி புதிது என்று அஞ்சிப் பிள்ளையை முடித்த வகுப்பிலேயே சேர்க்க நினைக்கும் அன்பர்கள் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

12-ஆம் வகுப்போடு இப்படி முடிகிறது. கல்லூரி மாணவர்க்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டே எனலாம். மாற்றுத்திறனாளி மாணவர்க்கு 11-ஆம் வகுப்பு முதல் முதுகலை வரை அது உண்டுதான். ஆனால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. அரசு அலுவலகக் கடைநிலை ஊழியரின் சம்பளமே அகவிலைப்படியுடன் சேர்ந்தால் இவ்வரம்பைக் கடந்துவிடும். புகழ்பெற்ற சில உயர்கல்வி நிலையங்களில் சேர்வோர்க்கு வரம்பு உயர்ந்த தனித்திட்டம் ஒன்றுண்டு. அங்கே இடம்பெறுவோர் எத்தனை பேர்? ஆக, செலவு பெருகும் ஆண்டிலேயே ஒன்று நின்றுவிடுகிறது, மற்றொன்று வாராதொழிகிறது. இது முறையன்று என்பதே நம் கருத்து.

10-ஆம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரும் பிள்ளைக்கு முதல் இரண்டாண்டுகள் படி உண்டு. 11, 12-ஆம் வகுப்புகளுக்கு அதைப் பெற்றிருக்கக் கூடாது, அவ்வளவே. கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளையாயின் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

கல்லூரியை நாடுவோர்க்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதது என்ற சான்றிதழ் வேண்டும். அச்சான்றிதழ் எந்த மாநிலத்தில் பெற்றதாயினும் இந்தியா முழுவதும் செல்லும்.

குடும்ப ஓய்வூதியத்தின் வழி வேறு. பழைய ஓய்வூதிய விதிகளுக்கு உட்பட்டவரின் மற்ற மகன்களுக்கு அது 25 வயதோடு நிற்கும். குறைபாட்டால் தாமே பொருளீட்ட இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு. பிள்ளை படிக்கிறதா, படிப்பை விட்டுவிட்டதா என்று அது கேட்பதில்லை. பொருளீட்ட முடியுமா என்பதே கேள்வி. நிரந்தரக் குறைபாடாயின் மருத்துவச் சான்று ஒருமுறை தந்தால் போதும். தற்காலிகமாயின் 5 ஆண்டுக்கு ஒருமுறை தர வேண்டும். ஓய்வுபெற்றவர் தம் வாழ்நாளிலேயே நிரந்தரக் குறைபாடுள்ள பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் பதிவு செய்துகொள்ள விதியில் இடமுண்டு. பணியில் இருப்போர் அலுவலகத்துக் குடும்ப விவரப் படிவத்தில் குறைபாட்டையும் குறித்து, கல்லூரிச் சேர்க்கைக்கென எடுத்த சான்றிதழின் நகல் ஒன்றையும் அப்போதே இணைத்துவிடலாம்.