கட்டிங் ஆர்டர் யார் கையில்?

புனேயில் கரும்புச்சாறு கடைக்கு ‘ரசவந்தி’ என்று பெயர். பிழியும் இயந்திரத்தில் சலங்கை கட்டியிருப்பார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற, ஜல் ஜல் என்று தெருமுனை வரை கேட்கும். மராட்டியத்தின் சர்க்கரை ஆணையர் அலுவலகமும் இந்த ஊரில்தான், சிவாஜி நகரில்.

நமக்கு முதல்வர்கள் சினிமாவிலிருந்து வந்தார்கள். அங்கே சர்க்கரை ஆலையிலிருந்து. சாங்லி கூட்டுறவு ஆலையை வளர்த்தெடுத்த வசந்ததாதா பாட்டீலை நினைத்துக்கொண்டால் போதும். அந்த ஆலை அரசியலை 1975-லேயே திரைக்குக் கொண்டுவந்த படம் ‘சாம்னா’. எழுதியவர் விஜய் தெண்டுல்கர், இயக்கியவர் ஜப்பார் பட்டேல்.

ஊரையே கைக்குள் வைத்திருக்கும் ஆலை அதிபர் ஹிந்துராவ். அந்த ஊருக்கு ஒரு வாத்தியார் வந்து சேர்கிறார். காந்தியவாதியாக இருந்து குடிகாரரானவர். அதிபர் அவரை வீட்டில் தங்கவைத்து உபசரிக்கிறார். சாப்பாடு, சாராயம், எதற்கும் குறைவில்லை. வாத்தியாரோ ஒரே விஷயத்தைத் துருவுகிறார்: மாருதி காம்பளே என்றொரு ஆள் இருந்தானே, அவன் என்ன ஆனான்?

ஏன் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை? நம் ஊர்க் கரும்பு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரும்பை வெட்டச் சொல்லி ஆலை தரும் கட்டிங் ஆர்டர் தள்ளிப்போனால் எடையும் போச்சு, சர்க்கரைக் கட்டுமானமும் போச்சு. வெட்டிப் போட்ட கரும்போ வெயிலில் நாளுக்கு நாள் காயும். யார் வயலில் முதலில் ஆள் இறங்குவது என்று தீர்மானிக்கிறவரை யார் பகைத்துக்கொள்வார்? இத்தனைக்கும் கூட்டுறவு ஆலையில் விவசாயிதான் பங்குதாரர், சேர்மனைத் தேர்ந்தெடுப்பதும் அவர் ஓட்டுதான். தனியார் முதலாளிக்கு மாற்றாக, லோணியில் விக்கே பாட்டீலும் புனே கோகலே நிறுவனத்துப் பொருளாதார அறிஞர் காட்கிலும் சேர்ந்து தொடங்கிய நல்ல காரியம் அது. பிறகு ஆலையைச் சுற்றி வங்கி, பால் சங்கம், கல்லூரி என்று முளைத்தன. தொகுதியும் சேர்மன் பாக்கெட்டுக்குள் போனது.

படத்தில் நடித்தவர்களைச் சொல்லாமல் விட மனமில்லை. வாத்தியாராக வரும் ஸ்ரீராம் லாகு காது-மூக்கு-தொண்டை மருத்துவர். காம்பளேயாக வரும் மோகன் ஆகாஷே மனநல மருத்துவர். இயக்குநர் குழந்தை மருத்துவர். மூவரும் புனே பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அதிபராக நடித்த நிளு புலேயோ இதே ஊரின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் தோட்டக்காரராக இருந்தவர்! அவர் குரலை உயர்த்துவதே இல்லை. சொல்லைப் பாதியில் நிறுத்தி, எதிராளியை ஒரு பார்வை பார்ப்பார். மிரட்டல் முடிந்தது.

மணிரத்னத்தின் ‘குரு’வில் (2007) தொழிலதிபர் விசாரணைக் கமிஷன் முன் வீராவேசமாகப் பேசிக் கைதட்டல் வாங்குகிறார். எனக்கு அது சற்று மலிவான வெற்றியாகவே பட்டது. ‘சாம்னா’வில் அதிபருக்குக் கைதட்டல் கிடையாது. காம்பளே பற்றிய கேள்விதான் இன்றும் மராட்டிய அரசியல் பேச்சில் அடிபடுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஜப்பார் பட்டேல், அருண் சாதுவின் நாவல்களை வைத்து ‘சிம்ஹாசன்’ எடுத்தார். இம்முறை கதை மும்பையில்: முதல்வர் நாற்காலி, தொழிற்சங்கம், கட்சிக்குள் குழிபறிப்பு. நாற்காலிக்குக் குறிவைக்கும் நிதியமைச்சராக லாகு. அன்று ஊரை மிரட்டிய நிளு புலே, இதில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கும் பத்திரிகை நிருபர்.