புறா எச்சமும் எதிர்ப்பொருளும்

மணிக்கோபுரங்களில் அடையும் புறாக்களின் எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்னும் நுண்பூஞ்சை வளர்வதுண்டு. அத்தூசியை நாம் சுவாசித்தாலும் பொதுவாக நோய் வருவதில்லை. பெரும்பாலும் எய்ட்ஸ் நோயால் தளர்ந்தோரையே அது மூளைக் காய்ச்சலாகத் தாக்குகிறது. தடித்த உறை போர்த்திய இப்பூஞ்சையை இரத்தத்தின் வெள்ளை அணுக்களால் எளிதில் விழுங்க இயலாது. எதிர்ப்பொருள்கள் உறைமீது ஒட்டிக்கொண்டால் அவ்வேலை எளிதாகும்.

அப்படியாயின் எதிர்ப்பொருளைப் பெருக்கினால் போதாதோ என நாம் எண்ணலாம். நியூயார்க்கில் கசடெவால் குழுவினர் சுண்டெலிகளிடம் கண்டதோ வேறு. பயனற்ற எதிர்ப்பொருளொன்று, பூஞ்சையைப் பற்றும் முனை மாறாமல் வால்பகுதி மட்டும் மாறியதும் உயிர் காத்தது (1995). காவலன் ஒருவனே, சீருடைதான் வேறு! 2003-இல் வெளிவந்த ஆய்விலோ, காத்த எதிர்ப்பொருளே அளவு மிகுந்தபோது நோயை வளர்த்தது. நோயுற்றோர்க்கு மருத்துவர்கள் இன்றும் ஆம்போடெரிசின் முதலிய பூஞ்சைக்கொல்லி மருந்துகளையே அளிக்கின்றனர்.