புள்ளியும் செதிலும்

சிங்கராஜ வனத்திலே உதிர்ந்த இலைகளைக் கிளறி இரைதேடும் பூங்குருவிகள் இரண்டு உண்டு. இரண்டும் இலங்கைக்கே உரியவை. மேலே பழுப்பு, மார்பிலே கறுப்புக் குறிகள். காட்டின் அரையிருளில் ஒன்றை மற்றதென எண்ணுவது எளிது. ஆனால் ஒன்று அரிது. பிழையாகக் குறித்தால், அது வாழாத காட்டிலும் வாழ்வதாகக் கணக்காகிவிடும்.

முதலில் சிறகைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் இரு வரிசையாக நின்று, கன்னத்திலே கறுப்புக் கோடுகளும் இறங்கினால் அது புள்ளிச்சிறகுப் பூங்குருவி; பொறுமையிருந்தால் காணக்கூடியது. சிறகிலே புள்ளிவரிசை இல்லை, மார்பும் வயிறும் மீன்செதில் அடுக்கியதுபோல், அலகு நீண்டு தடித்தது என்றால் அதுவே அரிய செதிற்பூங்குருவி. ஆசியாவிற் பரந்த ஓரினத்தின் இலங்கைக் கிளையென்றே இதனை நீண்டகாலம் எண்ணினர். இன்று தனியினமாகக் கொள்கின்றனர்.

அப்படியானால் நிறம் வேறுபட்டாலே இனமும் வேறாகுமா? இல்லை. மலைநாட்டுக் கரும்பூங்குருவியை எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் ஆண்பறவையின் உச்சந்தலை உடலைவிடக் கறுத்து, தொப்பி கவிழ்த்தாற்போல் இருக்கும். நுவரெலியாவிலோ தொப்பியே கிடையாது. உடல் முழுவதும் ஒரே கருஞ்சாம்பல். செம்மஞ்சள் அலகும் கண்வளையமும் ஈரிடத்தும் உண்டு. இடையிலே சமவெளியும் கடலும் கிடப்பதால், ஒரு மலையின் பறவை மறுமலையின் பறவையோடு கூடுவதில்லை. நிறம் தனித்தனி வழியிற் போயிற்று. ஆயினும் இரண்டையும் ஓரினமென்றே வகுத்துள்ளனர். நீலகிரிப் பறவைக்கு 1839இல் ஜேர்டன் இட்ட இலத்தீன் பெயருக்கு ‘மிகவும் ஒத்தது’ என்றுதான் பொருள்.