ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் கார்த்திகைத் தீபம்

கார்த்திகைத் தீபம் தமிழர்களின் தொன்மையான விளக்குத் திருவிழா. கார்த்திகை மாதத்தில், முழுநிலவை ஒட்டிக் கார்த்திகை நட்சத்திரம் கூடும் நாளில் கொண்டாடப்படுகிறது. 2024இல் இது டிசம்பர் 13 அன்று வந்தது. திருஞானசம்பந்தர் தம் மயிலாப்பூர்ப் பதிகத்தில் இவ்விழாவைப் பழமையானதாகவே குறிப்பிடுகிறார்.

மூன்று மாலைகள்

வீடுகளில் பொதுவாக மூன்று மாலைகள் அகல் விளக்கு ஏற்றுவர். முதல் நாள் பரணி தீபம், அடுத்தது கார்த்திகைத் தீபம், மூன்றாவது விஷ்ணு தீபம். சிவன் கோயில்கள் கார்த்திகை நட்சத்திரத்தையும், வைணவக் கோயில்கள் பெரும்பாலும் ரோகிணி நட்சத்திரத்தையும் கணக்கில் கொள்வதால் நாள் வேறுபடும். இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் உள்ளது. அருகிலுள்ள காஞ்சிபுரத்தின் தூப்புல் பகுதியில், திருமால் விளக்கொளியாகத் தோன்றி இருளை அகற்றியதாகக் கூறும் தலபுராணத்தை உடைய விளக்கொளிப் பெருமாள் கோயில் இருக்கிறது.

கோயில் முன் பனைமரத் தண்டை நட்டு, பனையோலை வேய்ந்து கொளுத்துவது சொக்கப்பனை. சிறுவர்களுக்கு உரியது மாவலி. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பிளந்த பனைமட்டைகளுக்கு இடையே வைத்துக் கட்டுவர். நெருப்பிட்டுக் கயிற்றால் சுழற்றினால் பொறிகள் வட்டமாகப் பறக்கும். இரண்டுக்கும் பனை வேண்டும். பனை குறையும் ஊரில் இவ்வழக்கங்களும் அருகும்.

தைவானின் விளக்கு விழா

தைவானில் சந்திர நாட்காட்டியின் முதல் மாதப் பதினைந்தாம் நாள், முழுநிலவன்று விளக்குத் திருவிழா நடைபெறும். அந்நாட்டின் பழமையான நகரான தைனான், டச்சுக்காரர் 1624இல் அங்குக் கோட்டை கட்டத் தொடங்கியதன் 400ஆம் ஆண்டான 2024இல், தேசிய விளக்கு விழாவை நடத்தியது. அங்குப் பசையரிசி மாவு உருண்டை உண்பர். இங்கு நெற்பொரி அல்லது அவல்பொரியை வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டை படைப்பர்.

நிலவும் ஷிப்டும்

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிக்குத் தைவானுடன் நேரடித் தொடர்பும் உண்டு. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தைவான் நிறுவனம். அதன் பெண் பணியாளர்களுக்காக வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் இயங்குகின்றன. பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இப்பகுதியில் பெருந்தொகையாக வாழ்கின்றனர்.

தைவானில் விளக்கு விழா பொது விடுமுறை நாள் அன்று. தமிழ்நாட்டிலும் கார்த்திகைத் தீபம் மாநிலப் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். விளக்கேற்றும் நேரமோ அந்தி. மாலை ஷிப்டில் இருப்பவருக்கு அந்த நேரம் கிடைக்காது. விழா மூன்று மாலைகளுக்கு நீள்வதால், அவற்றில் ஒன்று வார விடுப்பாக அமைந்தால் அவர் அன்று விளக்கேற்றலாம். அமையாதவரின் வாசலில் வீட்டிலுள்ள வேறொருவர் ஏற்ற வேண்டும். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. ஆலைப் பகுதியில் இவ்விழா நிலைப்பது, மழைக்காலத்து அந்தியில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.